பந்தி பரிமாறுகிறவர் எப்போது சாப்பிடுவார்?

கேள்வி: ஐயா, எனக்கு 42 வயது. சொந்த ஊர் நெல்லைப் பக்கம், சென்னையில் ஐ.டி. வேலை. பிறந்ததிலிருந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பாடகர் குழுவில் டெனர் (ஆண்களின் மேல்குரல்) பாடுகிறேன், சேகரக் கமிட்டியில் (சில சபைகள் சேர்ந்தது சேகரம்) செயலாளர், வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி வந்தால் அதற்கும் நான்தான். ஒரு ஞாயிறுகூட ஆராதனையைத் தவறவிட்டதில்லை. ஆனால் ஒன்றரை வருடமாக உள்ளே ஒன்றுமே இல்லை. ஜெபித்தால் சுவரோடு பேசுவது போல இருக்கிறது. ஆபீஸ் பஸ்ஸில் தினமும் இரண்டு மூன்று பிரசங்கம் கேட்கிறேன், ஒன்றரை மடங்கு வேகத்தில். அப்புறம் கேட்கலாம் என்று சேமித்து வைத்ததே இருநூறைத் தாண்டும். கேட்கும்போது நன்றாக இருக்கிறது, பஸ்ஸை விட்டு இறங்கினால் மறந்துவிடுகிறது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் மறுபடி தூக்கம் இல்லை. இதெல்லாம் தொடங்குவதற்குச் சற்று முன்னால்தான் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அப்போதுகூட நான் உடையவில்லை, எல்லா ஏற்பாட்டையும் நானே பார்த்தேன். நண்பர் ஒருவர் தன் சபைக்கு வரச் சொல்கிறார். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து 40 நாள் உபவாசம் இருந்தால் எல்லாம் மாறும் என்கிறார். (சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.) சபையை மாற்றலாமா? இன்னும் ஆழமாக என்னை அர்ப்பணிக்க நான் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வேண்டாம், சென்னை

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அசனம்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நம் நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் பண்டிகையோடு அசனம் உண்டு. ஊரே உட்கார்ந்து சாப்பிடும், யார் எவர் என்று கேட்காமல் இலை போடுவார்கள். அதில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பந்தியாக ஓடும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள், நீங்களே அப்படி ஓடியிருப்பீர்கள். சாயங்காலம் நாலு மணிக்கு அண்டா கழுவும்போது விசாரித்தால் அவர்களில் பாதிப் பேர் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். கை முழுக்க சாம்பார் வாசம், வயிறு காலி. கேட்டால் "பசிக்கலை" என்பான். பொய்யும் இல்லை, நாள் முழுக்க அந்த வாசத்திலேயே நின்றவனுக்குப் பசி செத்துப் போயிருக்கும்.

நீங்கள் இப்போது அந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "இன்னும் என்ன செய்ய வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்களே, அது இன்னொரு வாளி கேட்பது மாதிரி இருக்கிறது. நான் தரப்போவதில்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. உங்கள் கடிதத்தில் கமிட்டிக்கு ஒரு வரி, பாட்டுக்கு ஒரு வரி, பிரசங்கத்துக்கு மூன்று வரி. அம்மாவுக்கு இரண்டு. அதிலும் இரண்டாவது வரி ஏற்பாடுகளைப் பற்றி. நான் ஆயராகவும் அப்புறம் ஆற்றுப்படுத்துநராகவும் 30 வருடத்துக்கு மேல் கடிதம் படித்த பழக்கத்தில் சொல்கிறேன், மனிதர்கள் முக்கியமான விஷயத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு வேகமாகத் தாண்டிப் போவார்கள். சவப்பெட்டிக்குச் சொன்னது, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் பிடித்தது, பாட்டு நோட்டீஸ் அடித்தது, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தது, எல்லாம் நீங்கள். நினைவு ஆராதனையிலும் அநேகமாக நின்று டெனர் பாடியிருப்பீர்கள். அப்போது அழாததை ஒரு பெருமை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அது விசுவாசத்தின் பலம் என்று சபையிலும் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை தம்பி. நீங்கள் அழ நேரமில்லாமல் இருந்தீர்கள், அவ்வளவுதான். லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில், இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே, இயேசு கண்ணீர் விட்டாரே. நமக்கு மட்டும் என்ன தடை?

அப்புறம் அந்த மூன்று மணி விழிப்பு. ஒன்றரை வருடமாக விடியும் முன் விழிப்பு, எதிலும் ருசி இல்லை என்றால் அதை முதலில் ஒரு டாக்டரிடம் சொல்ல வேண்டும். மனச்சோர்வு நோயில் இது வழக்கமாக வரும் ஒரு அடையாளம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும், தைராய்டு குறைந்திருந்தாலும் ஆளைச் சோர்த்துப் போடும். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், தேவை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கும் விசுவாசக் குறைவுக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். எலியாவை நினைத்துப் பாருங்கள் (1 இராஜாக்கள் 19). கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய ஊழியம் முடித்த மனுஷன், சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு சாக வேண்டும் என்று கேட்கிறான். தேவதூதன் வந்து அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை, பாவத்தை அறிக்கையிடச் சொல்லவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து, சாப்பிடு என்றான். சாப்பிட்டு மறுபடி படுத்துவிட்டான். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் கர்த்தர் மெல்லிய சத்தமாகப் பேசியதெல்லாம் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

சரி, பசிக்கு வருவோம்.

ஒரு நாளைக்கு மூன்று பிரசங்கம் கேட்டும் பசி ஆறாததற்குக் காரணம் பிரசங்கத்தில் இல்லை. அதில் சிலது நல்ல பிரசங்கமாகவே இருக்கும். ஆனால் பிரசங்கம் என்பது இன்னொருவர் மென்று ருசித்ததை நமக்குச் சொல்வது. அந்த மனுஷர் ஒரு வசனத்தோடு ஒரு வாரம் மல்லுக்கட்டியிருப்பார், நீங்கள் அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் சோழிங்கநல்லூர் சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவில் விழுங்கப் பார்க்கிறீர்கள். அந்த இருநூறு சேமிப்பைப் பற்றிப் படித்தபோது வனாந்தரத்து மன்னாதான் நினைவுக்கு வந்தது. அன்றன்றைக்கு வேண்டியதைப் பொறுக்கிச் சாப்பிடு என்றால், சிலர் காலைக்கு என்று மீதி வைத்தார்கள், அது பூச்சி பிடித்து நாறிற்று (யாத்திராகமம் 16). அந்தப் பட்டியலை இன்றைக்கு அழித்துவிடுங்கள். முழுவதையும்தான். ஞாயிறு காலை உங்கள் சபையில் கேட்கும் ஒரு பிரசங்கம் ஒரு வாரத்துக்குப் போதும், அது சுமாராக இருந்தாலும் போதும். (நானும் சுமாரான பிரசங்கங்கள் நிறைய செய்தவன், அதனால் துணிந்து சொல்கிறேன்.)

அதற்குப் பதிலாக ஒரே ஒரு சங்கீதம். வாட்சப்பில் வருகிற வாக்குத்தத்த அட்டை (ஒற்றை வசனம் அச்சடித்தது) கணக்கில் சேராது. காகிதத்தில் அச்சடித்த பைபிள், வீட்டில் ஒரே நாற்காலி, ஒரே நேரம், பதினைந்து நிமிடம், போன் வேறு அறையில். வாய்விட்டுப் படிக்க வேண்டும், மெதுவாக. முதல் சங்கீதத்தில் இரவும் பகலும் வேதத்தில் தியானமாயிருக்கிறவன் என்று வருகிறதே, அந்த இடத்தில் இருக்கும் எபிரெயச் சொல்லுக்கு முணுமுணுப்பது என்று பொருள். ஏசாயா 31-இல் சிங்கம் தன் இரையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு உறுமுவதற்கும் அதே சொல்தான். நாய் எலும்பைக் கடிக்கும்போது ஒரு சத்தம் போடும் பாருங்கள், கிட்டத்தட்ட அது. பழைய துறவிகள் இந்த வாசிப்பை மாடு அசைபோடுவதோடு ஒப்பிட்டார்கள். ஒரு வரி எங்கேயாவது பிடித்து நிறுத்தினால் அங்கேயே நில்லுங்கள், மறுநாளும் அதே வரியில் நிற்கலாம், அதிகாரத்தை முடிக்க வேண்டும் என்று யாரும் பரீட்சை வைக்கவில்லை. நம் ஆங்கிலிக்கன் ஜெபபுஸ்தகம் 150 சங்கீதங்களையும் காலை மாலையாக 30 நாளுக்குப் பிரித்துப் போட்டிருக்கும், அது நல்ல ஒழுங்குதான், பின்னால் பார்த்துக்கொள்ளலாம். இப்போது உங்களுக்கு அதைக் கொடுத்தால் அதற்கும் எக்செல் ஷீட் போட்டுவிடுவீர்கள்.

13-ஆம் சங்கீதத்தில் ஆரம்பியுங்கள். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி முதல் இரண்டு வசனத்துக்குள் நாலு தடவை "எதுவரைக்கும்" என்று சங்கீதக்காரர் கேட்கிறார். நீங்கள் சுவரோடு பேசுவது போல் இருக்கிறது என்று எழுதினீர்கள் அல்லவா, அதை எனக்கு எழுதியதற்குப் பதிலாக அந்தச் சுவரிடமே சொல்ல வேண்டியதுதான், அதற்குத்தான் இந்தச் சங்கீதங்கள் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப் புலம்பலும் முறையீடும்தான். 88-ஆம் சங்கீதம் இன்னும் மோசம், ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. புது வருஷ வாக்குத்தத்த அட்டையில் அந்த வசனம் யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை. அதன் தலைப்பில் ஏமான் என்று ஒரு பெயர் இருக்கும். தாவீது காலத்துப் பாடகர் தலைவன் ஒருவனுக்கும் நாளாகமத்தில் அதே பெயர். இரண்டு பேரும் ஒருவர்தானா என்று பண்டிதர்கள் பேசிக்கொள்ளட்டும். டெனர் பாடுகிற உங்களுக்கு அது ஒரு ஆறுதல் என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன். ஊழியத்துக்கு வந்து பன்னிரண்டாவது வருடம், ஆலங்குளம் பக்கம் ஒரு சேகரம், ஒன்பது சபை. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு பைக்கை எடுத்தால் மூன்று ஊர் ஆராதனை முடித்து, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டில் இராப்போஜனம் கொடுக்கப் போவேன். அந்தச் சமயம் எனக்குள்ளேயும் உங்களைப் போலத்தான், ஒன்றும் இல்லை. யாருக்கும் தெரியாது. குரல் நன்றாக இருந்தது, அதனால் தப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மதியம் இரண்டு மணி வெயிலில் ஒரு பீடி சுற்றும் அம்மா வீட்டுக்குப் போனேன், இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தார்கள், முறம் நிறைய இலையும் தூளும் பக்கத்திலேயே, படுத்துக்கொண்டே சுற்றுவார்களாம். கோயிலிலிருந்து கொண்டுபோன அப்பத்தையும் ரசத்தையும் கொடுத்து ஜெபத்தைச் சொல்லி முடித்தேன். பெட்டியை மூடும்போது அந்த அம்மா என் முகத்தையே பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் ஆத்துமாவைத்தான் கேட்கிறார்கள், கர்த்தர் இந்த அம்மா மூலமாகப் பேசுகிறார் என்று நினைத்து அப்படியே நின்றேன். அவர்கள் மகளைக் கூப்பிட்டு, "ஐயருக்குச் சோறு போடு, கண்ணு ரெண்டும் உள்ளே போயிருக்கு" என்றார்கள். (எங்கள் பக்கம் ஆயரை ஐயர் என்பார்கள்.) அவர்கள் கேட்டது சோற்றைத்தான். தரையில் உட்கார்ந்து சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டேன், இரண்டாம் தடவையும் போட்டார்கள். பாதியில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, குழம்பு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அடுத்த இரண்டு வீட்டுக்கு அன்றைக்குப் போகவில்லை, திண்ணையில் படுத்து ஐந்து மணி வரை தூங்கினேன். ஊழியத்தில் நான் முதன்முதலாக வேலையைப் பாதியில் விட்ட நாள் அது. அன்றைக்கு ராத்திரி ஜெபம் பண்ணினேன் என்று சொல்ல முடியாது, ஆனால் படுக்கையில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன், அந்த இருப்பில் யாரோ கூட இருந்தது போல இருந்தது. அதற்கு மேல் அதை விளக்கத் தெரியவில்லை.

யோவான் 21-ஐ அதன் பிறகுதான் எனக்குப் படிக்கத் தெரிந்தது. கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன், அப்பம். "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்களைக் கூப்பிடுகிறார். மூன்று தடவை மறுதலித்த பேதுருவும் அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறான். "அவர்கள் போஜனம்பண்ணின பின்பு" என்று யோவான் மெனக்கெட்டு எழுதிவிட்டு, அதற்கு அப்புறம்தான் "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்பதைக் கொண்டுவருகிறார். வரிசையைப் பாருங்கள். நாம் ஆடுகளைப் பற்றிய கட்டளைக்கு நேராக ஓடிவிடுகிறோம், மீன் ஆறிப்போகிறது. அர்ப்பணிப்பு என்றாலே கூடுதலாக ஒரு பொறுப்பு என்று நம் சபைகளில் எப்படியோ ஆகிவிட்டது. ஒருவர் பக்தியாக இருக்கிறார் என்று தெரிந்தால் அடுத்த வாரமே அவரைக் கமிட்டியில் போட்டுவிடுவார்கள்!

ஆகவே செயலாளர் பொறுப்பை விடுங்கள். பாட்டை விட வேண்டாம், அதில் உங்கள் உடம்பும் மூச்சும் சேர்ந்திருக்கிறது, மனம் வராத நாளிலும் மற்றவர்கள் குரல் உங்களைத் தூக்கிப் போகும். கமிட்டி வேறு. மினிட்ஸ், கணக்கு, தேர்தல் வருடத்து அரசியல், இதெல்லாம் தேவையான வேலைதான், யாராவது செய்யத்தான் வேண்டும், இப்போதைக்கு அந்த யாராவது நீங்கள் இல்லை. ஆயரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், வாட்சப்பில் அனுப்பாதீர்கள். "நீங்க இல்லேன்னா எப்படி" என்பார். அதைக் கேட்டு உங்களுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தால் அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

நண்பர் சொன்னதற்கு வருகிறேன். அவர் நல்ல மனதோடுதான் கூப்பிடுகிறார், அவர்கள் சபையில் ஜெபம் உயிரோடு இருக்கலாம், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இப்போது முடிவெடுக்காதீர்கள். இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு விதி எழுதி வைத்தார்: உள்ளம் வறண்டு கிடக்கும் நேரத்தில், வறட்சிக்கு முன்னால் எடுத்த தீர்மானங்களை மாற்றாதே. காய்ச்சல் 103 இருக்கும்போது வீட்டை விற்க மாட்டோம் இல்லையா. ஒரு வருடம் கழித்தும் அந்தச் சபைக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் அப்போது பேசுவோம். ஞானஸ்நானம் ஒரே தரம் என்பது நம் சபையின் நிலை. குழந்தையில் எடுத்ததை நீங்களே வளர்ந்த பிறகு திடப்படுத்தல் ஆராதனையில் வாயைத் திறந்து ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அன்றைக்கு உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றாமல் இருந்திருக்கலாம், அதனால் அது செல்லாமல் போகாது.

40 நாள் உபவாசம் கண்டிப்பாக வேண்டாம். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சில மாத்திரைகளில் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் போடும், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள். ஏசாயா 58-இல் கர்த்தர் கேட்கிற உபவாசமே பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடு என்பதுதானே. நம் ஊரில் அம்மாமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் காணிக்கைக்கென்று தனிப் பானையில் போடுவார்களே, உங்கள் அம்மாவும் போட்டிருப்பார்கள். வெளியே ஆர்டர் போட்டுச் சாப்பிடுவதில் வாரம் ஒன்றைக் குறைத்து அந்தப் பணத்தை உங்கள் ஆபீஸ் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன் ஒருவருக்குச் சாப்பாடாக வாங்கிக் கொடுங்கள், கூடவே உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். அது போதும்.

இத்தனையும் செய்த பிறகும் ஒன்றும் தோன்றாமல் போகலாம். அதையும் சொல்லிவிடுகிறேன். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது, அந்த அம்மா ஏறக்குறைய ஐம்பது வருடம் உள்ளே எதுவும் உணராமல் ஊழியம் செய்திருக்கிறார். உடனே அந்த வரிசையில் நம்மையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம், நமக்கு வருவது பெரும்பாலும் தூக்கக்குறைவுதான். 1577-78-இல் சொந்தச் சபைத் துறவிகளாலேயே தொலேதோ நகரில் சிறையில் அடைக்கப்பட்ட ஸ்பானியத் துறவி சிலுவை யோவான் இந்த இருட்டைப் பற்றி நிறைய எழுதியவர், அவரே இதில் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறார், இது உடம்பின் கோளாறாகவும் இருக்கலாம், அசட்டையாகவும் இருக்கலாம், அதனால் பிரித்துப் பார் என்று. அதற்கு அவர் சொல்லும் அடையாளங்களில் ஒன்று உங்களுக்கு உதவும்: அனலில்லாமல் போனவனுக்கு அதைப் பற்றிக் கவலை இருக்காது. நீங்கள் பெயர் போடாமல் இவ்வளவு நீளக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அதனால் கர்த்தர் கைவிட்டுவிட்டார் என்ற பேச்சை என்னிடம் எடுக்க வேண்டாம்.

முடிந்தால் இரண்டு நாள் எங்கேயாவது சும்மா போய் இருங்கள். வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் இருக்கிறது, 1921-இல் ஒரு தமிழ் டாக்டரும் ஒரு ஸ்காட்லாந்து டாக்டரும் சேர்ந்து ஆரம்பித்தது. குளித்தலைக்குப் பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் காவிரி ஓரமாகச் சாந்திவனம், அது கத்தோலிக்கர்களுடையது, 1950-இல் தொடங்கியது. நம் ஆட்கள் சிலருக்கு அந்த இடத்து வழிபாட்டு முறை ஒத்துவராது, உங்களுக்கு எப்படியோ. நான் அங்கே போனது ஆற்றங்கரைக்காக.

இதைவிட முதலில் ஊருக்குப் போங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் கூட்டத்தோடு போவது வேறு, ஒரு சாதாரண வாரநாளில் தனியாகப் போங்கள். மாலை எடுத்துக்கொண்டு போகலாம், போகாமலும் இருக்கலாம். பாட்டு வேண்டாம், பாடினால் மறுபடி டெனர் ஆகிவிடுவீர்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவின் பைபிளைத் தேடி எடுங்கள். ஏதாவது ஒரு பீரோவில், அநேகமாகப் பட்டுச்சேலைக்கு அடியில் இருக்கும். 13-ஆம் சங்கீதத்தை உங்கள் பைபிளில் படிக்க வேண்டாம், அதில் படியுங்கள். அம்மா பென்சிலால் எங்கே கோடு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.